நான் பழக்கிவிட்டவருக்கு என்னைவிட 8,600 ரூபாய் அதிகச் சம்பளம்: சட்டத்தில் இடமிருக்கிறதா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவர். 11 ஆண்டுகளாக ஒரே பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். தையல் லைனில் ஓடிக்கொண்டிருக்கும் ஆடையை எடுத்து டேப் வைத்து அளப்பது, ஓவர்லாக் தையல் விட்டுப்போன இடத்தையும் ஷேடு மாறிய பீஸையும் பிரித்தெடுப்பது, பேக்கிங்குக்கு முன் இறுதிச் சோதனை நடத்தி அறிக்கையில் கையெழுத்திடுவது ஆகியவை இவருடைய அன்றாட வேலைகள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பிரிவில் பி.டெக். படித்த ஓர் இளைஞர் சேர்ந்தார். அளவு சார்ட்டைப் படிப்பதிலிருந்து பையர் (ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) அனுப்பும் ஆய்வாளரிடம் பேசுவது வரை அவரைப் பழக்கிவிட்டவர் இந்த வாசகிதான். அண்மையில் அந்த இளைஞர் பைக் கடன் விண்ணப்பத்தை நிரப்ப உதவி கேட்டு, தம் சம்பளச் சீட்டைத் தாமே இவரிடம் கொடுத்திருக்கிறார். அதில் 31,000 ரூபாய் என்று இருந்தது. வாசகியின் சம்பளம் 22,400.

மனிதவள மேலாளரிடம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “அவர் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய ஆண்பிள்ளை. ஷிப்மென்ட் சமயத்தில் ராத்திரி தங்குகிறார். அவர் எக்சிகியூட்டிவ், நீங்கள் அசிஸ்டென்ட். இந்தச் சம்பளத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?” இரவு தங்க முடியுமா என்று தம் பிரிவுப் பெண்களை யாரும் கேட்டதே இல்லை என்கிறார் வாசகி. 2021-இல் மகப்பேறு விடுப்பில் இருந்தபோது அந்த ஆண்டின் ஊதிய உயர்வும் இவருக்குத் தரப்படவில்லை. வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இவர் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. “கிடைப்பதையும் கெடுத்துக்கொள்ளாதே” என்கிறார் கணவர். தனியார் நிறுவனத்துக்குச் சட்டம் பொருந்துமா, கேட்டால் வேலை போய்விடுமா, அந்த இளைஞரின் சம்பளத்தில் கைவைத்துவிடுவார்களா, வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா, பையருக்கு மின்னஞ்சல் எழுதலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்த இளைஞரைப் பற்றியது. நீங்கள் பட்ட வலி நியாயமானது; கற்றுக்கொடுத்தவருக்குக் குறைவு, கற்றுக்கொண்டவருக்கு அதிகம் என்றால் யாருக்கும் மனம் கொதிக்கும். ஆனால் வழக்கு என்ற கோணத்தில் பார்த்தால் கடிதத்தின் மிக கனமான வரி வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “எங்கள் பிரிவில் ஆறு பேர். நான்கு பெண்களும் 20-லிருந்து 23 ஆயிரத்துக்குள். இரண்டு ஆண்களும் 30-க்கு மேல். என் தோழி ஒருத்தியும் பி.டெக். தான், அவளுக்கு 23,000.”

இரண்டு ஊழியருக்கு வெவ்வேறு சம்பளம் தருவதை எந்தச் சட்டமும் பொதுவாகத் தடுக்கவில்லை. பெண் என்பதற்காகக் குறைத்துத் தருவதைத்தான் தடுக்கிறது. நீங்கள் ஒருவரும் அந்த இளைஞர் ஒருவரும் மட்டும் நேருக்கு நேர் நின்றால், “அவர் பி.டெக்., இவர் டிப்ளமோ” என்ற ஒரே வாக்கியத்தில் நிறுவனம் தப்பிக்கப் பார்க்கும். உங்கள் தோழியின் 23,000 அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. பட்டம்தான் காரணம் என்றால் அதே பட்டம் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் நேர்மையான பதில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே உங்கள் மனுவின் நடுவில் அந்தப் பையனை நிறுத்தாதீர்கள். ஆறு பேர் பார்க்கும் வேலையையும் ஆறு பேர் வாங்கும் சம்பளத்தையும் நிறுத்துங்கள்.

தனியாருக்கும் பொருந்தும், ‘ஸ்டாஃப்’ என்பவருக்கும் பொருந்தும்

“சம வேலைக்குச் சம ஊதியம் அரசு ஊழியருக்குத்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த எண்ணம் பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அரசியல் சாசனத்தின் 39(டி) பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்கிறது. ஆனால் அது அரசுக்கு வழிகாட்டும் நெறி. அதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. 1982-இல் டெல்லி காவல்துறையில் ஓட்டுநராக இருந்த ரண்தீர் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சமத்துவ உரிமையோடு இணைத்துப் படித்தது. அதன்பிறகு செய்தித்தாள்களில் நாம் பார்த்தவை பெரும்பாலும் அரசு ஊழியர் வழக்குகளே.

தனியார் துறைக்கு வேறொரு பாதை முன்பே போடப்பட்டிருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு சம ஊதிய உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. சர்வதேச மகளிர் ஆண்டான 1975-இல் அவசரச் சட்டமும், மறு ஆண்டு சம ஊதியச் சட்டம், 1976-உம் வந்தன. அந்தச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-க்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முதலாளியிடம் ஒரே வேலையையோ ஒத்த தன்மையுள்ள வேலையையோ செய்பவர்களுக்கு ஊதியத்தில் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. வேலைக்கு எடுப்பதிலும் பணி நிபந்தனைகளிலும் அதே தடை உண்டு. சமமாக்குகிறேன் என்ற பெயரில் எவருடைய ஊதியத்தையும் குறைக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த இளைஞரின் சம்பளம் குறைந்துவிடுமோ என்ற உங்கள் கவலைக்கு இதுவே பதில். அவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

“நான் லேபர் இல்லை, ஸ்டாஃப், லேபர் சட்டம் எனக்கு வராது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊதியத் தொகுப்பில் ‘ஊழியர்’ என்ற சொல் மிக விரிவானது. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி, மேற்பார்வை, மேலாண்மை எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் அதற்குள் வருகிறீர்கள்.

கையெழுத்து விஷயத்திலும் தயங்க வேண்டாம். இந்தத் தொகுப்பின்படி சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதன் 60-ஆம் பிரிவு சொல்கிறது. குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்து வேலையில் சேர்ந்தது உங்கள் உரிமையை விற்றதாக ஆகாது.

பதவிப் பெயரும் வேலையும்

அவர் எக்சிகியூட்டிவ், நீங்கள் அசிஸ்டென்ட் என்று உங்கள் மேலாளர் சொன்ன காரணம் பழையது. உச்ச நீதிமன்றம் 1987-இலேயே அதைக் கேட்டு நிராகரித்திருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற நிறுவனத்தில் ஆட்ரி டி’கோஸ்டா சுருக்கெழுத்தாளராக இருந்தார். பெண் சுருக்கெழுத்தாளர்களை ‘கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்’ என்று தனி வகையாக நிறுவனம் வைத்திருந்தது. ஆண் சுருக்கெழுத்தாளர்களுக்கு அதிக ஊதியம். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படியே கொடுக்கிறோம் என்றது நிறுவனம். கூடுதலாகக் கொடுக்க நிதிநிலை இடம்தராது என்றது. எதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயரைப் பார்க்காதீர்கள், அவர்கள் உண்மையில் செய்யும் பணிகளைப் பாருங்கள், நடைமுறையில் முக்கியமில்லாத சிறு வேறுபாடுகளை வைத்துச் சமத்துவத்தை மறுக்காதீர்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான ஒரு வரலாறும் இருக்கிறது. 1968-இல் இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேர்ச்சி தேவைப்படாத வேலை என்று அவர்களுடைய தையலைக் கீழ்த் தரத்தில் வகைப்படுத்தியிருந்தார்கள். 1970-இல் அந்த நாட்டில் சம ஊதியச் சட்டம் வருவதற்கு அந்தப் போராட்டம் ஒரு காரணம். ஆனால் அவர்கள் கேட்ட தர உயர்வு கிடைக்க 1984 வரை, மீண்டும் ஒரு வேலைநிறுத்தம் வரை ஆயிற்று. பெண்களின் கைத்திறனைத் திறன் என்று ஒப்புக்கொள்ளவே ஒரு தொழில் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் சீட்டில் இருக்கும் ‘அசிஸ்டென்ட்’ என்ற சொல்லையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எது ஒத்த வேலை என்பதற்குத் திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் தொகுப்பு அளவுகோலாக வைக்கிறது. ‘அனுபவம்’ 1976 சட்டத்தில் இல்லாதது, புதிதாகச் சேர்ந்தது. உங்கள் 11 ஆண்டுகளுக்கு அது சாதகம். ஆனால் “எனக்கு அனுபவம் அதிகம், அதனால் அவரைவிட எனக்கு அதிகம் தர வேண்டும்” என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சட்டம் வழியாகக் கேட்க முடியாது. பெண் என்பதால் குறையக் கூடாது என்பது வரைதான் இந்தச் சட்டத்தின் எல்லை. அதற்கு மேல் கேட்பது பேச்சுவார்த்தை.

மேலாளர் சொன்ன மற்ற காரணங்கள்

குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர் என்பது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. யாருக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டில் இன்னொரு வருமானம் உண்டா என்று பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்க எந்த முதலாளிக்கும் அதிகாரமில்லை. அப்படிப் பார்த்தாலும் உங்கள் வீட்டு வாடகை யார் சம்பளத்தில் போகிறது? மேலாளர் அந்த வாக்கியத்தைச் சொன்ன நாள், நேரம், உடனிருந்தவர் ஆகியவற்றை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளை என்பதற்காகத்தான் அதிகம் தருகிறோம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இரவு தங்குவது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். டி’கோஸ்டா தீர்ப்பிலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு: இரவில் வேலை செய்பவருக்குக் கூடுதல் விகிதம் தரலாம், ஆனால் இரவில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அதே விகிதம் கிடைக்க வேண்டும், பகலில் இருப்பவர் இரவுக்கு மாறினால் அவருக்கும் கிடைக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் பெண்களிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. சட்டம் தடுக்கிறது என்றும் அவர்கள் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் பெண்கள் இரவில் வேலை செய்யத் தடைவிதித்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே வசந்தா வழக்கில் செல்லாது என்று அறிவித்தது. இப்போதைய சட்டமும் பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாட்டோடும் இரவு வேலையை அனுமதிக்கிறது. ஷிப்மென்ட் இரவுகளில் அவர் கூடுதல் நேரம் உழைத்தால் அதற்கு இரண்டு மடங்கு விகிதத்தில் ஓவர்டைம் தர வேண்டும். தரட்டும். மாதம் முப்பது நாளும் அடிப்படைச் சம்பளம் வேறாக இருப்பதற்கு அது காரணமாகாது.

இனி அவர்கள் சொல்லக்கூடிய இரண்டு காரணங்களுக்கும் தயாராக இருங்கள். ஒன்று, முந்தைய நிறுவனத்தில் அவர் வாங்கிய சம்பளம். சேரும்போது ஓரளவு வித்தியாசத்தை அது விளக்கலாம். மூன்று ஆண்டுக்குப் பிறகும் அதே பள்ளம் மூடாமல் இருப்பதை விளக்காது என்பது என் கருத்து. இன்னொன்று ஆர்டர் குறைவு. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியால் திருப்பூர் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரிச்சுமையை நான்கு பெண்களின் தலையில் மட்டும் இறக்கி வைக்க முடியாது. நிதிநெருக்கடி சம ஊதியத்தை மறுக்கும் காரணமாகாது என்பது 1987-இலேயே முடிந்துபோன விஷயம்.

சம்பளச் சீட்டை வரிவரியாகப் பார்ப்போம்

நீங்கள் எழுதியனுப்பிய கணக்கு இது. அடிப்படையும் பஞ்சப்படியும் உங்களுக்கு 17,400, அவருக்கு 21,000. வீட்டு வாடகைப்படி 3,500, அவருக்கு 5,000. போக்குவரத்துப்படி 1,500, அவருக்கு 3,000. சிறப்புப்படி உங்களுக்கு இல்லை, அவருக்கு 2,000. ஆக வித்தியாசம் 8,600. அதை 36 மாதத்தால் பெருக்கி 3,09,600 ரூபாய் வர வேண்டும் என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தொகையை மனுவில் எழுதாதீர்கள். அவர் வாரம் இரண்டு முறை பைக்கில் பிரிண்டிங் யூனிட்டுக்கும் எம்பிராய்டரி யூனிட்டுக்கும் போய் வருகிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். நீங்கள் போகும்போது கம்பெனி வேன் வருகிறது. போக்குவரத்துப்படியில் 1,500 கூடுதலாக இருப்பதற்குப் பெட்ரோல் ஒரு நேர்மையான காரணம். அதையும் சேர்த்துக் கேட்டால் உங்கள் மற்றக் கணக்கின் மீதும் சந்தேகம் விழும். அதை விட்டுவிட்டால் மிச்சம் 7,100. சிறப்புப்படி எதற்காக என்று எழுத்துமூலம் கேளுங்கள். ஒருவேளை அதற்கும் நியாயமான காரணம் வரலாம்.

வீட்டு வாடகைப்படியைச் சிலர் “அது சம்பளமே இல்லை” என்று ஒதுக்குவார்கள். மற்ற பல காரியங்களுக்கு ஊதியம் என்ற வரையறையிலிருந்து அதை விலக்குவது உண்மை. சம ஊதியம் என்று வரும்போது வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே 5,000-க்கும் 3,500-க்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கும் இன்றைய வித்தியாசத்தையே பெருக்குவதும் சரியாகாது. அந்தந்த மாதம் இருவருக்கும் என்ன சம்பளமோ அதை வைத்துத்தான் கணக்கு. உங்கள் பழைய சீட்டுகள் கிடைக்காவிட்டால் பி.எஃப். பாஸ்புக்கைப் பதிவிறக்குங்கள்; எந்த மாதம் எந்தச் சம்பளத்துக்குப் பிடித்தம் என்பது அதில் இருக்கும். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதத்தை இழக்கிறீர்கள். 2025 நவம்பர் 21-க்கு முந்தைய மாதங்களுக்குப் பழைய சட்டத்தையும் பிந்தைய மாதங்களுக்குத் தொகுப்பையும் காட்டி உங்கள் வழக்கறிஞர் மனுவைத் தயாரிக்க வேண்டும்.

2021-இல் போன ஊதிய உயர்வு தனிக்கதை. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டமே தடுத்திருந்தது. அந்த ஆண்டின் நிலுவையைக் கேட்கக் காலம் கடந்துவிட்டது. ஆனால் அன்று ஏறாத தொகை இன்றைய அடிப்படைச் சம்பளத்திலும் குறைந்துகொண்டேதான் இருக்கிறது. குழந்தை பெற்றதற்கான தண்டனையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை மனுவில் ஒரு பத்தியாகச் சொல்லுங்கள்.

எப்படித் தொடங்குவது

வக்கீல் நோட்டீஸ் முதல் அடியாக வேண்டாம். நோட்டீஸ் போனதும் விஷயம் நிறுவனத்தின் வழக்கறிஞர் கைக்குப் போய்விடும். உங்களோடு பேசக்கூடியவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். நான்கு பெண்களும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள். நால்வரும் முடியாவிட்டால் நீங்களும் அந்தத் தோழியுமாவது. குற்றச்சாட்டுச் சொற்கள் எதுவும் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

“தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் லைன் சோதனை, இறுதிச் சோதனை, அறிக்கை தயாரித்தல் ஆகிய பணிகளை ஆறு பேரும் செய்துவருகிறோம். எங்கள் ஊதியத்துக்கும் ஆண் ஊழியர்களின் ஊதியத்துக்கும் வித்தியாசம் இருப்பதாக அறிகிறோம். ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன் 3-ஆம் பிரிவின்படி எங்கள் ஊதியத்தைச் சீரமைத்துத் தருமாறும், வித்தியாசத்துக்கு வேறு காரணம் இருப்பின் எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.”

நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில், கிடைத்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். உள்புகார்க் குழுவிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு மட்டும். 20 தொழிலாளரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு ஒன்று இருக்க வேண்டும், அங்கே கொடுக்கலாம்.

சில விஷயங்களில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த இளைஞரின் சம்பளச் சீட்டைப் படம் எடுத்திருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், மனுவோடு இணைக்கவும் வேண்டாம். உங்களை நம்பிக் காட்டியவர் அவர். சம்பள விவரத்தை வெளியிட்டதாக அவர் மீதோ உங்கள் மீதோ நடவடிக்கை எடுக்க அது சாக்காகிவிடும். ஊதியப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் விசாரிக்கும் அதிகாரிக்கு இருக்கிறது. அந்த வேலையை அவர் செய்யட்டும். கம்பெனி மின்னஞ்சல்களை உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்புவதும், சோதனை அறிக்கைகளை வீட்டுக்கு எடுத்துவருவதும் கூடாது. அதற்குப் பதில் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எந்த ஆர்டர், எத்தனை பீஸ், யார் சோதித்தது, அறிக்கையில் யார் கையெழுத்து. ஆறு பேரும் சுழற்சியில் ஒரே வேலையைத்தான் செய்கிறீர்கள் என்பதை ஒரு மாதக் குறிப்பே காட்டிவிடும்.

பையருக்கு எழுதுவதை நான் கடைசியில் வைப்பேன். வெளிநாட்டு பையர்களின் நடத்தை விதிகளில் பாகுபாடு கூடாது என்பது வழக்கமாக இருக்கும், ஆடிட்டின்போது ஊழியரைத் தனியே கேட்பதும் உண்டு. அப்போது உங்களைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நீங்களாகவே புகார் அனுப்பி, அவர் ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றினால், அந்த லைனில் தைக்கும் பெண்களுக்கு ஷிஃப்ட் போய்விடும். முகநூல் பதிவு அதைவிட மோசம். அவதூறு என்று எதிர் வழக்கு வரும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இரண்டு வேலைகளும் ஒத்தவையா என்று தகராறு வந்தால் அதைத் தீர்மானிக்க அரசு அறிவித்த அதிகாரி யார், கோரிக்கையை விசாரிப்பவர் யார் என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீங்களும் மனுச் செய்யலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கமும் செய்யலாம். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அது முயற்சிதான், உத்தரவாதம் அல்ல. தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கலாம் என்றும் இருக்கிறது. அதை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். அது அதிகாரியின் விருப்புரிமை. சம்பளம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. சேர வேண்டியதைக் கொடுத்தேன் என்று காட்ட வேண்டியது அவர்தான். ஆனால் இரண்டு பேரும் செய்வது ஒத்த வேலை என்ற அடித்தளத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

வேலை போய்விடுமா?

போகாது என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. கேட்டவரை வேறு யூனிட்டுக்கு மாற்றுவது, சிறு பிழைக்கு மெமோ கொடுப்பது, ஷிஃப்டைக் கலைப்பது எல்லாம் நடக்கும். நால்வராகக் கேட்கச் சொன்னதற்கு அதுவும் காரணம். ஒரு பிரிவின் நான்கு பேரை ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டு ஷிப்மென்ட் அனுப்ப முடியாது.

பணிநீக்கத்தை எதிர்த்து வழக்காடும் உரிமை ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் அதற்குள் வரமாட்டார். உங்கள் கடிதத்தில் “இந்தப் பிரிவையே நான்தான் நடத்துகிறேன்” என்று ஒரு வரி இருக்கிறது. பெருமைப்பட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் மனுவில் அந்த வரி வேண்டாம். நாளை “இவர் மேற்பார்வையாளர், இவருக்குப் பாதுகாப்பு இல்லை” என்று வாதாட அவர்களுக்கு நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும். உங்கள் முக்கிய வேலை கையால் அளந்து கண்ணால் சோதிப்பது. விடுப்பு கொடுப்பதோ ஆளை நியமிப்பதோ உங்கள் கையில் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் கணவர் பயப்படுவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். வாடகை கட்ட வேண்டிய வீட்டில் அந்தப் பயம் இயல்பு. அவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். மாதம் 7,100 என்றால் ஆண்டுக்கு 85,200. அடிப்படைச் சம்பளம் 3,600 உயர்ந்தால், இதுவரை முடித்த 11 ஆண்டுக்கு மட்டுமே பணிக்கொடையில் 22,800 ரூபாய்க்கு மேல் கூடும். கேட்காமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பது இந்த எண்களைப் பார்த்தால் அவருக்கும் தெரியும். அதே சமயம் இரண்டு மாத வாடகையும் பள்ளிக் கட்டணமும் கையில் ஒதுக்கி வைத்த பிறகு கடிதத்தைக் கொடுங்கள். ஓரிரு மாதம் தாமதமாவதால் போகும் தொகை, நிதானமில்லாமல் இறங்குவதால் போவதைவிடக் குறைவு.

வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணித் தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். கடிதம் கொடுத்து 30 நாள் பொறுங்கள். அதற்குள் பதில் வரவில்லையென்றால் பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், பி.எஃப். பாஸ்புக் பக்கங்கள், முத்திரை வாங்கிய நகல், உங்கள் நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். 23,000 வாங்கும் உங்கள் தோழியையும் அவருடைய பட்டச் சான்றிதழோடு அழைத்துப் போங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அவரைத்தான்.